ஒண்ணாங் கிளாஸ் டீச்சருக்காக ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியின் மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், நூற்றாண்டு விழாக் குழுவினருக்கும்,

பழைய மாணவர்கள் கொடுத்த மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்தேன். புதிய கட்டடத்தில் முதல் வகுப்பு நடக்கப்போகும் அறைக்கு என் அம்மாவின் பெயரை வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு வரியில் மறுத்திருக்கிறீர்கள். ஊதியம் பெற்றுப் பணியாற்றியவர்களுக்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கம் இந்தப் பள்ளியில் இல்லை. ஒருவருக்கு வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டி வரும்.

அந்த மனுவை நான் எழுதவில்லை. அதில் என் கையெழுத்தும் இல்லை. பெயர் வைப்பது மட்டும்தான் விஷயம் என்றால் இந்த மடலும் வந்திருக்காது. அம்மா தன் பெயரை எங்கும் பொறித்துப் பார்க்க ஆசைப்பட்டவர் அல்ல. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, ஒண்ணாங் கிளாஸ் டீச்சர் என்றால்தான் தெரியும். ஆனால் உங்கள் பதிலை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர், கூடவே ஒரு சாக்கையும் திண்ணையில் இறக்கி வைத்தார். அவர் அம்மாவிடம் படித்தவர், இப்போது பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். சாக்குக்குள் மூன்று சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. மே மாத விடுமுறையில் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதற்காக அலமாரிகளைக் காலி செய்து தாழ்வாரத்தில் காகிதத்தைக் குவித்திருந்தீர்கள். பழைய பேப்பர்க்காரர் வண்டி கிளம்பப்போகிற நேரத்தில் அவர் ஓடிப்போய், காசு கொடுத்து, கைக்கு அகப்பட்ட மூன்றை எடுத்திருக்கிறார். மற்றவை எடைக்குப் போய்விட்டன.

என்னைப் பேச வைத்தது அந்தச் சாக்குதான்.

கேட்டதற்கு, 2023 டிசம்பர் மழையில் நனைந்து கெட்டவை, இனிப் பயன்படாதவை என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்களாம். நனைந்தது உண்மை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நனையாத வீடு எது, நனையாத காகிதம் எது? ஓரமெல்லாம் பழுப்பேறி, சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மை பேனாவில் எழுதிய இடங்கள் சில பக்கங்களில் கரைந்துவிட்டன. பென்சிலில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. அந்தப் பென்சில் எழுத்து அம்மாவுடையது. அது என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதிக்கு ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு நாளை எழுதிக்கொள்வார்கள். என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இப்படி ஜூனில் பிறந்தவர்கள். 1974இல் வேலைக்குச் சேர்ந்த அம்மா இந்த வழக்கத்தை ஏற்கவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார், பதிவேட்டை நிரப்பும் வேலை அம்மாவுடையது. பிள்ளையைக் கொண்டுவந்தவரை உட்கார வைத்து, கார் அறுப்புக்கு முன்னாலயா பின்னாலயா, பிசானத்துக்கு நாற்று நட்டாச்சா, அந்த வருசம் அம்மன் கொடை நடந்ததா, அப்போ வயித்துல இருந்தாளா கையில இருந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அம்மைக்குத் தெரியாவிட்டால் ஆச்சியைக் கூப்பிட்டு வரச் சொல்வார். பழைய பஞ்சாங்கம் ஒரு கட்டு மேசையில் கிடக்கும். எல்லாம் பார்த்துத் தேதியை எழுதிவிட்டு, எப்படி அந்தத் தேதிக்கு வந்தார் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறிப்பார்.

என் முன்னால் இருக்கும் பக்கங்களிலிருந்து சிலவற்றை அப்படியே தருகிறேன். "இந்திரா காந்தியைச் சுட்ட அன்று வலி கண்டு மறுநாள் காலை." "எம்.ஜி.ஆர். இறந்த எட்டாம் நாள்." "92 வெள்ளத்தில் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் நம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, மூன்றாம் நாள் இரவு." இந்தக் கடைசிக் குறிப்புக்கு உரிய பிள்ளை அதே கட்டடத்தில் பிறந்து அதே கட்டடத்தில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு வேண்டும். பீடித் தொழிலாளருக்கு வருங்கால வைப்பு நிதி 1977இல் வந்தது. 58 வயது நிறைந்தால் ஓய்வூதியம் உண்டு. பாஸ் புத்தகம் போட்ட நாளில் பீடிக்கடைக்காரர் வாய்க்கு வந்த வயதை எழுதியிருப்பார். சிறுவயதிலேயே தட்டை எடுத்து மடியில் வைத்தவர்களுக்கு எந்த வயது எழுதப்பட்டிருக்கிறது என்று பல காலம் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தவறு தெரியவரும். முன்பு ஆதார் அட்டையைக் காட்டித் திருத்திக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் வைப்பு நிதி நிறுவனம் விட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு பிறந்த தேதிக்கு ஆதார் சான்று ஆகாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களில் பலருக்குப் பள்ளிச் சான்றுதான் மிஞ்சியிருக்கும் வழி.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண். எனக்கு அக்கா முறை. ஏழு வயதில், 1974இல், அம்மா வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே வீட்டிலிருந்து கூட்டிவந்து சேர்த்த பிள்ளை. பாஸ் புத்தகக் கணக்கில் அவருக்கு ஐந்து வயது குறைவாக எழுதியிருக்கிறது. ஐந்து வயது குறைந்தால் ஐந்து ஆண்டு கழித்துத்தான் ஓய்வூதியம். கண் மங்கிவிட்டது, முன்னைப்போல் நாளுக்கு ஆயிரம் பீடி முடியாது. சான்று கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தவரை, பழைய ரெக்கார்டு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "டீச்சர் எழுதி வச்சிருப்பாவளே, நல்லாப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

டீச்சர் எழுதித்தான் வைத்திருந்தார். டீக்கடைக்காரர் மீட்ட முதல் பதிவேட்டில் அந்த அக்காவின் வரி இருக்கிறது. 1.3.1967. தேதி எழுதிய மை கலங்கியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலில்: "அண்ணா ஜெயித்த தேர்தல். முடிவு வந்த மறு புதன். பிசான அறுப்பு. ஆச்சி சொன்னது." அந்த ஆண்டுத் தேர்தல் பிப்ரவரியில் நடந்தது. மார்ச் 1 புதன்கிழமைதான். நாட்காட்டியை எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் பதிவேடு என் வீட்டுச் சாக்கில் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. பள்ளியின் பொறுப்பில் இருந்து, தலைமையாசிரியர் முத்திரையோடு நகல் வந்தால்தான் மதிப்பு. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம். பள்ளி நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இனி ஊதியம் என்ற சொல்லுக்கு வருகிறேன்.

உங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. அம்மா வாங்கிய சம்பளம் அரசு கொடுத்த பணம், நிர்வாகத்தின் கைப்பணம் அல்ல. ஆகவே, சம்பளம் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவர்களையும் பணம் கொடுத்தவர்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் பெயர் பளிங்குக் கல்லில் இருக்கட்டும். ஆனால் அம்மா கொடுத்தவற்றில் எதற்குச் சம்பளம் இருந்தது, எதற்கு இல்லை என்பதை உங்கள் குழு அறிந்துகொள்ள வேண்டும்.

காலை ஒன்பதரை முதல் மாலை நாலு மணி வரை முதல் வகுப்பு நடத்தியதற்குச் சம்பளம் இருந்தது. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பது தனிக் கதை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே இருபத்தைந்தாம் வாய்ப்பாடு தெரியும், பீடிக் கட்டுக்கு இருபத்தைந்து என்பதால். புதிதாக வந்த ஆசிரியர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அம்மா அங்கிருந்தே தொடங்குவார். நாலு கட்டு எவ்வளவு என்றால் நூறு என்று கத்தும் பிள்ளையிடம், அப்போ அரைக் கட்டு, கால் கட்டு என்று உடைத்துக்கொண்டே வந்து ஒன்று, இரண்டில் நிறுத்துவார். எழுத்தை அகரத்தில் தொடங்கமாட்டார். ட, ப, ம என்று நேர்கோட்டில் இழுக்க வருவதை முதலில் கொடுப்பார். பீடி நூல் அறுத்து விரல் நுனி புண்ணாகிக் கிடக்கும் பிள்ளைகளுக்குச் சிலேட்டுக் குச்சி பிடிக்க வராது. அவர்களுக்காக ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணல் பரப்பி வைத்திருப்பார், புண் ஆறும்வரை மணலில் எழுதலாம். 2007-08இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்து எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தபோது, ஓய்வுக்கு நெருங்கிவிட்ட அம்மா சொன்னது, "நாற்காலி இப்பதான் போயிருக்கு, நான் எப்பவோ தரைக்கு வந்துட்டேன்" என்பதுதான்.

இதற்குச் சம்பளம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நாலு மணிக்கு மேல் நடந்ததற்கு இல்லை.

வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடி அம்மா வீட்டுக்குப் போவார். பெரும்பாலும் பெண் பிள்ளைதான் வராது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பீடி வேலையில் வைக்கக் கூடாது என்றது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து செய்வதற்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. எங்கள் ஊரில் பீடி சுற்றுவது முழுக்க வீட்டில்தான். சட்டம் வாசலோடு நின்றுவிட்டது. நடைதாண்டி உள்ளே போனது டீச்சர் ஒருவர்தான்.

நான் கூடப் போயிருக்கிறேன், அதனால் அந்தப் பேச்சு காதில் இருக்கிறது.

"பிள்ளையை எங்கட்டி?"

"உள்ள மடக்குதா டீச்சர். நாளைக்குக் கடையில கணக்கு குடுக்கணும். குறைஞ்சா இலையைக் குறைச்சிருவாவ."

"எவ்வளவு கிடக்கு?"

"நானூறு கிடக்கும்."

"அதை இங்கன தள்ளு. நான் மடக்குதேன். அவ எந்திரிச்சு வாய்ப்பாடு சொல்லட்டும்."

சொன்னபடி உட்கார்ந்து மடக்குவார். பீடியைச் சுற்றிய பிறகு அதன் தலையை மடக்கி மூடும் வேலையைச் சிறு பிள்ளைகளிடம்தான் கொடுப்பார்கள், விரல் சிறிதாக இருந்தால் வேகமாக வரும் என்பதால். அம்மா அந்த வேலையைப் பழகிக்கொண்டார். முழுப் பரிட்சைக்கு முந்தைய வாரங்களில் சாயங்காலம் ஒரு வீடு, சனிக்கிழமை காலை இரண்டு வீடு. அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கும். வீட்டுக்கு வரும்போது அம்மாவின் சேலையில் புகையிலை நெடி இருக்கும். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த அரசு சம்பள டீச்சர் பீடி மடக்குவதா என்று சக ஆசிரியர்களே சிலர் பேசினார்கள். நிர்வாகத்திலிருந்தும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் குழுவில் மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கலாம்.

1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். நம் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. அம்மா அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப் பார்த்த தகப்பன்மார் பலர் எட்டு வரைக்கும் விட்டார்கள். கல்யாணத்தைக் காட்டிப் படிக்க வைப்பது சரியா என்று கல்லூரியில் படிக்கும்போது நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். "எதைக் காட்டியாவது எட்டு வரைக்கும் வரட்டும். அப்புறம் அவளே பேசிக்குவா" என்றார். எனக்கு இன்றும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அப்படி எட்டு முடித்தவர்களில் ஒருவர் இன்று உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடிப் பணியாளர். இன்னொருவர் பேரூராட்சி உறுப்பினராக இருந்தவர். உங்கள் விழா அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு அன்று நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். பகலில் பிள்ளைக்குச் சொன்ன அதே ட, ப, மவை இரவில் தெருவிளக்கடியில் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொன்னார். கடைக்காரர் பாஸ் புத்தகத்தில் எழுதும் கணக்கைப் பெண்கள் தாங்களே படிக்கத் தெரிந்துகொண்ட பிறகு தெருவில் வந்த மாற்றம் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இவை எதற்கும் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத இந்த நேரம் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டிலிருந்து வந்தது. இதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. இன்று அரசு ஊழியரான தாய்க்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு இருக்கிறது, அன்று அதில் சிறு பங்குதான். விடுப்பு முடிந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார். முதல் வகுப்பு உத்தரத்தில் ஒரு சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். நான் அழுதால் பள்ளிக்கு எதிர்வீட்டு ஆச்சி பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து ஆட்டுவாராம். எனக்குப் பிறகு இரண்டு தம்பிகளும் அதே உத்தரத்தில்தான் தூங்கினார்கள். வளர்ந்த பிறகு எங்கள் வீட்டுத் தார்சாவில் எப்போதும் வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரிச் சோறு எட்டரைக்கு முன் கிடைத்தது கிடையாது. எனக்குப் பத்தாம் வகுப்புப் பரிட்சை நடந்த வாரத்தில் அம்மா வேறு யாரோ ஒரு பிள்ளைக்காகப் பீடி மடக்கப் போயிருந்தார். எனக்குக் கோபம் இருந்தது, வெகுநாள் இருந்தது. தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மட்டும் நாற்பது நாள் எங்கும் போகாமல், விடுப்புப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் இருந்தார். அந்த நாட்களில் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, டீச்சர் எப்ப வருவாவ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மாவை ஊரோடு பங்கு போட்டுக்கொண்டுதான் வளர்ந்தோம். எங்களிடமிருந்து எடுத்துக் கொடுத்ததைச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்கு முடிப்பதை எங்களால் ஏற்க முடியாது.

ஒன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சாராள் தக்கர் என்ற இங்கிலாந்துப் பெண் நெல்லைச் சீமையை ஒரு நாளும் கண்ணால் பார்த்தவர் இல்லை. நடமாட முடியாத உடல்நிலை. சென்னையில் ஊழியம் செய்த சகோதரர் எழுதிய கடிதங்கள் வழியாக இங்குள்ள பெண்களின் நிலைமையை அறிந்து அக்கறை கொண்டார். அவர் காலமான பின் தோழிகள் திரட்டிய பணத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி உருவானது, பாளையங்கோட்டையில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. நியாயமான மரியாதைதான். பார்க்காத ஊரின் பெண் பிள்ளைகளுக்காக மனம் இரங்கியவருக்கு ஒரு பெயர்ப் பலகை வைத்த மண் இது. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவர்களுக்கு வைக்க வழக்கமில்லை என்று இதே மண்ணில் எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒருவருக்கு வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டி வரும் என்கிறீர்கள். வையுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். முதல் வகுப்பு அறைக்கு என் அம்மாவின் பெயர் வேண்டும் என்ற மனுவை, பழைய மாணவர்களோடு பேசி, அவர்கள் சம்மதத்தோடு இப்படி மாற்றிக் கேட்கிறேன்: இந்த நூறு ஆண்டில் இங்கே பாடம் சொன்ன எல்லா ஆசிரியர்களின் பெயரும், வேலை பார்த்த ஆண்டுகளோடு, நன்கொடையாளர் கல்வெட்டு இருக்கும் அதே முகப்புச் சுவரில், அதே அளவுக் கல்லில் வர வேண்டும். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த நாள் முதல் அடுப்பில் நின்ற அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பெயர்களும் அதில் வேண்டும். பெயர்களைத் திரட்டும் வேலையைப் பழைய மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல்லுக்கும் பொறிப்புக்கும் ஆகும் செலவை நாங்கள் ஏற்கிறோம். அதற்காக எங்கள் பெயரை நன்கொடையாளர் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பதிவேடுகள் விஷயத்தில் இப்படிப் பேச்சுக்கு இடமில்லை. பள்ளியில் மிச்சம் இருக்கும் எந்தப் பழைய பதிவேட்டையும், கிழிந்தது, நனைந்தது, கறையான் தின்றது எதுவானாலும், இனி வெளியே போட மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். எடைக்குப் போனவற்றின் பட்டியலையும், யாருடைய உத்தரவில் போயின என்பதையும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதித் தெரிவித்து, அதன் நகலை எங்களுக்குத் தாருங்கள். அந்தப் பழைய பேப்பர்க்காரரிடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பள்ளியின் சார்பில் ஒருவர் இந்த வாரமே போய்க் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை.

எங்களிடம் இருக்கும் மூன்றையும் திருப்பித் தரத் தயாராக இருக்கிறோம். ஒட்டிய தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் பென்சில் குறிப்பு தெரியும்படி ஸ்கேன் செய்து, தலைமையாசிரியரும் பழைய மாணவர் இருவரும் முன்னிலையில் எண்ணி, ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைப்போம். பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்றையும் வாங்கித் தருகிறோம். அது தரையிலிருந்து உயரத்தில், தண்ணீர் ஏறாத மாடி அறையில் இருக்க வேண்டும்.

பிறந்த தேதிச் சான்று கேட்டு வரும் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் யாரையும் இல்லை என்று அனுப்பக் கூடாது. பார்த்து இல்லையென்றால் இல்லை என்று முத்திரையிட்டு எழுதிக் கொடுங்கள், வேறு வழி தேட அதுவாவது அவர்களுக்கு உதவும். முதலில் அந்த அக்காவுக்குக் கொடுங்கள். பதிவேட்டை ஒப்படைத்த அன்றே அவருடைய வரியின் சான்றிட்ட நகல் அவர் கையில் போக வேண்டும்.

நூற்றாண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த மடலுக்கு உங்கள் பதிலை விழாவுக்கு முன்பாக, தாளாளர் கையெழுத்தோடு, எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதற்குள் பதில் வராவிட்டால் பதிவேடுகளை மாவட்டக் கல்வி அலுவலரிடம் நேரில் ஒப்படைத்து, எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மனுவாகக் கொடுப்போம். நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு ஆசிரியையின் மகள்,
அம்பாசமுத்திரம் வட்டம்